மல்ஜாவின் முழங்கை

சோற்றுக் கரண்டியை வலக்கையில் பிடித்துக்கொண்டு மல்ஜா கழுத்தை நீட்டுகிறாள். கை பாதி வழியிலேயே நின்றுவிடும். மீதித் தூரத்துக்கு வாய்தான் போகவேண்டும். இடக்கையால் சாப்பிடேன் என்று யாராவது சொன்னால் போதும், "இடதைப் பழக்கினா வலதுக்கு ரோஷம் வராதுடி!" என்பாள். சூப் மார்பில் சிந்தும். துடைத்துக்கொண்டு மறுபடி கழுத்தை நீட்டுவாள்.

கொரியாவின் பூசான் துறைமுகத்தை ஒட்டிய பொதுக் குளியலகத்தில், பெண்கள் பக்கம், அழுக்குத் தேய்க்கிறவள் அவள். வருகிறவர்களை மேஜையில் படுக்கவைத்து, சொரசொரப்பான பச்சைத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு தேய்ப்பாள். "ஐயய்யோ, மீன் சந்தையையே முதுகுல சுமந்துட்டு வந்திருக்கியே!" அந்த வசவுக்காகவே மீன்காரிகள் வருவார்கள். போன குளிர்காலத்தில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்தாள். மாவுக்கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. முழங்கை மட்டும் சரியாக மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை.

குளியலகத்துப் பெண்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் வெந்நீர். அதில் இளகாதது எதுவும் இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. பக்கத்து மேஜைக்காரி தொக்ரே அவளைச் சூடான தொட்டியில் உட்காரவைத்து, "பல்லைக் கடிச்சுக்கோ அக்கா" என்று கையை மடக்கினாள். தொக்ரேக்கு மாடு மாதிரி பலம். மாலைக்குள் முழங்கை பூசணிக்காயாக வீங்கிவிட்டது. மருத்துவர் தலையில் அடித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இழுத்தால் மூட்டு இன்னும் இறுகத்தான் செய்யும் என்றார்.

அன்றிலிருந்து தொக்ரேயோடு பேச்சில்லை. "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டா" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினாள். அக்குபங்சர் வைத்தியரிடம் போய்க் கையெல்லாம் ஊசி குத்திக்கொண்டாள். வலி குறைந்ததே தவிர, கை மடங்கவில்லை. திருகித் திருகிக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கும் பட்டை ஒன்றையும் மாட்டிப் பார்க்கிறாள்.

போனமுறை மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "ஆபரேஷன் பண்ணி இறுக்கத்தை எடுக்கலாம்மா. ஆனா அப்புறமும் தினம் மடக்கித்தான் ஆகணும். இப்பவே யாராவது கூட உக்காந்து, மெதுவா மடக்கி, இழுத்துப் பிடிக்கிற இடத்துல நிறுத்துனா, கத்தியே வேண்டாமப் போகலாம். வீட்டுல யாரு இருக்கா?"

யாரும் இல்லை. அந்தக் கேள்வி மல்ஜாவை உலுக்கிவிட்டது. வசந்தத்துக்குள் கை வராவிட்டால் மேஜைக்கு வேறு ஆள் என்று முதலாளியம்மாவும் சொல்லியாயிற்று.

மறுநாள் குளியலகத்துக்குப் போனாள். தொக்ரே மேஜையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, திட்ட வந்தியா?"

"உன்னைத் திட்ட இவ்வளவு தூரம் வரணுமா? வீட்லருந்தே நல்லா வருது."

தொக்ரேக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேணும்னு செய்யலக்கா."

"தெரியும்டி. அதனாலதான் இன்னும் கோவம்."

இருவரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்கள். மருத்துவர் சொன்னதை மல்ஜா சொன்னாள். கேட்கக் கேட்க தொக்ரே தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையாட்டினாள். மல்ஜா மடங்காத கையைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள்.