துளையிட்ட இருபத்துநான்கு போல்ட்டுகள்

1. எண் ஏறிய நாள்

பம்ப்புக்கும் சேம்பருக்கும் நடுவில் இருக்கும் வால்வை மூடினேன். உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் காட்டும் கேஜில் எண் அப்படியே நிற்க வேண்டும். நிற்கவில்லை. பத்து நிமிடம் பார்த்தேன், ஏறிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்ற ஃபிட்டர் ஏழுமலை அண்ணன், "இன்னாடா ஃபிசிக்ஸு, காத்து பூந்துகினே கீது?" என்றார்.

ஒரகடத்தில் வேக்குவம் சேம்பர், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த பெட்டி, செய்யும் சின்ன கம்பெனி எங்களுடையது. பெரும்பாலும் கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்குத்தான் வேலை. இந்த சேம்பர் மட்டும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு. உள்ளே இருக்கும் நம் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு, கார்பன் டை ஆக்சைடை மட்டும் கொஞ்சம் விடுவார்கள். நம் காற்றழுத்தத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. குளிர வைப்பார்கள். தட்டில் சிவப்பு மண் பரப்புவார்கள். செவ்வாய் கிரகத்தின் தரையும் காற்றும் அந்தப் பெட்டிக்குள் வந்துவிடும். அந்த மண் பகலில் எவ்வளவு ஈரத்தைக் காற்றில் விடுகிறது, இரவில் எவ்வளவைத் திரும்ப வாங்குகிறது என்று பார்ப்பதுதான் அவர்கள் ஆராய்ச்சி. நம் காற்று ஒரு துளி கசிந்தாலும் எல்லாம் பாழ்.

நான் சாத்தூர் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். கடைசி வருடத்தில் கோள்களின் வளிமண்டலம் பற்றி ஒரே ஒரு அத்தியாயம் இருந்தது. பரீட்சைக்கு அதிலிருந்து கேள்வி வராது என்று வாத்தியார் விட்டுவிட்டார். நான் மட்டும் படித்தேன். மேலே எம்.எஸ்சி.க்கு இடம் கிடைத்தது, வீட்டு நிலைமை விடவில்லை. போல்ட் செய்யும் கம்பெனியில் இரண்டு வருடம் குவாலிட்டியில் இருந்துவிட்டு இங்கே வந்தேன். என் கையில் செவ்வாய்க்கான பெட்டி வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

2. ஜன்னல்

லீக் தெரிவதற்கு முன்பே, பாதி முடிந்த சேம்பரைப் பார்க்க ஆய்வகத்திலிருந்து நிவேதா மேடம் வந்தார். எனக்கு நாலைந்து வயதுதான் மூத்தவர். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை நுழைத்துப் பார்த்தார். நான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். சலிக்காமல் பதில் சொன்னார்.

"முதல் தடவை ஓட்டும்போது நீங்க வாங்களேன். பக்கத்துல ஜன்னல் வைக்கிறோம்ல, அது வழியா பாக்கலாம், அந்தக் காத்துல தூசி எப்படி எழும்பி எப்படி விழுதுன்னு."

அன்றிலிருந்து எனக்கு அந்த ஜன்னல்தான் ஞாபகம். கம்பெனி பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் மனதுக்குள் அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஏழுமலை அண்ணனுக்கு வேறு கவலை. "எங்க அக்கா பொண்ணுக்குச் செவ்வா தோஷம்டா. மூணு வருசமா ஒரு மாப்ள அமையல. இதுக்குள்ள ஒரு நாள் குந்த வச்சா சரியாப்பூடுமா?"

"உசுரு இருக்காதுண்ணே."

"தோஷமும் இருக்காது இல்ல?"

லீக் வந்ததும் முதலாளி சிவக்குமார் சார் எல்லாரையும் கூப்பிட்டார். "சேம்பர மாட்டிக் குடுக்க, இன்ஸ்டாலேஷனுக்கு, ஒரு ஆள் ரெண்டு வாரம் அந்த லேப்ல தங்கணும். லீக்க எவன் புடிக்கிறானோ அவனே போகட்டும்."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

3. ஹீலியம் சொன்னது

ஓட்டையைத் தேட ஹீலியம் வாயுவை வெளியிலிருந்து வெல்டிங் மேலும், மூடிகள் பொருந்தும் ஃபிளாஞ்ச் விளிம்புகள் மேலும் மெல்ல அடிப்போம். ஓட்டை இருந்தால் அது உள்ளே போகும், டிடெக்டர் கத்தும். ஒன்பது நாள் அடித்தேன். ஒவ்வொரு வெல்டையும் விரற்கடை விரற்கடையாக. டிடெக்டர் வாயே திறக்கவில்லை. ஆனால் வால்வை மூடினால் எண் ஏறுகிறது. மூடி இடுக்கை அடைக்கும் ரப்பர் ஓ-ரிங்கை மாற்றினோம். ஏறியது. கேஜையே மாற்றினோம். ஏறியது.

பத்தாம் நாள் தினசரி ரீடிங்கை எல்லாம் ஒரு கிராஃப் தாளில் குறித்தேன். வெளியிலிருந்து கசிவு என்றால் தினமும் ஒரே வேகத்தில் ஏற வேண்டும். இங்கே சேம்பரைத் திறக்காமல் மூடியே வைத்திருந்த நாட்களில் வேகம் நாளுக்கு நாள் குறைந்திருந்தது. சேம்பரை ஒருமுறை திறந்து மூடினால் மறுபடி பழைய வேகம். அப்படியென்றால் காற்று வெளியிலிருந்து வரவில்லை. திறக்கும்போது உள்ளேயே எங்கோ போய் ஒளிந்துகொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது.

எங்கே ஒளியும்? மண் தட்டைத் தாங்கும் பிளேட்டை இருபத்துநான்கு போல்ட்டால் முடுக்கியிருந்தோம். அந்தத் துளைகள் மறுபக்கம் திறக்காதவை. போல்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் காற்று மரை வழியாகத்தான் கசிந்து வர வேண்டும். போல்ட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு துளை இருந்தால், பம்ப் ஓடியவுடனே அந்தக் காற்று வெளியேறிவிடும்.

நடுவில் துளையுள்ள போல்ட்டுகளைத்தான் ஆய்வகம் அனுப்பியிருந்தது. பாக்கெட்டைப் பிரித்தது நான். பழைய கம்பெனியில் போல்ட்டில் துளை என்றால் அது சொத்தை, வாங்கவே கூடாது. யாரையும் கேட்கவில்லை. சிவப்பு டேக் கட்டி, "ரிஜெக்ட்" என்று எழுதி ஸ்க்ராப்பில் போட்டேன். ஸ்டோரிலிருந்து துளையில்லாத நல்ல போல்ட் எடுத்து நானே டைட் செய்தேன். நல்ல வேலை செய்துவிட்டேன் என்று பெருமை வேறு.

4. ரிப்போர்ட்

ஸ்க்ராப் வண்டி அந்த போல்ட்டுகளோடு போய்விட்டிருந்தது. புதிதாக இருபத்துநான்கு போல்ட் எடுத்து லேத்தில் கட்டி ஒன்றரை மில்லிமீட்டர் டிரில்லால் நானே துளையிட்டேன். ஐந்து டிரில் உடைந்தது. அசிட்டோனில் கழுவி மாட்டினோம். வால்வை மூடினேன். எண் நின்றது.

ஏழுமலை அண்ணன் என் தோளில் தட்டினார். "புட்ச்சிட்டடா! துணிமணி எடுத்து வை."

ரிப்போர்ட்டில் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஓ-ரிங் பழுது என்று எழுதினால் யாருக்கும் தெரியாது, நான் போகலாம். ஆனால் மேடம் அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் சேம்பரை வாங்குவார். நாளைக்கு உள்ளே வேறு எதையாவது முடுக்க எங்கள் ஆள் யாராவது போனால், காரணம் தெரியாமல் சாதாரண போல்ட்டைப் போடுவான். ஆய்வகத்தில் ஈரத்தை அளக்கிறோம் என்று போல்ட்டுக்கு அடியில் மாட்டிய காற்றை அளப்பார்கள். அரைமணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு நடந்ததை எழுதி சாரிடம் கொடுத்தேன்.

படித்துவிட்டு நிமிர்ந்தார். "அவங்க குடுத்த போல்ட்டையே ஸ்க்ராப்ல போட்டியா?"

"ஆமா சார்."

"பத்து நாளா நீ தேடுனது உன்னையேதான், இல்ல?"

ரிப்போர்ட்டை மடித்து மேசை டிராயரில் வைத்தார்.

"எழுதிக் குடுத்த பாரு, அதுக்காக வேலைல வச்சிக்கிறேன். இன்ஸ்டாலேஷனுக்கு ஏழுமலை போவான்."

இரண்டு வாரம் கழித்து ஏழுமலை அண்ணன் வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பிடித்துக்கொண்டேன்.

"ஜன்னல்ல பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்டா. உள்ள ஒரு ஃபேன் வச்சிக்கிறாங்கோ. சுத்துது, சத்தமே கேக்கல. செவப்புப் பொடி கொஞ்சூண்டு எழுந்துச்சு, வுழுந்துச்சு."

"எப்படி விழுந்துச்சு? நம்ம ரோட்டுப் புழுதி மாதிரி மெதந்துச்சா?"

"இல்லடா. சட்னு வுழுந்துட்ச்சு. நெல்லு கொட்ன மாரி."

"அப்புறம்? குளிர வச்சப்போ? மண்ணு நெறம் மாறுச்சா? ஜன்னல்ல பனி கட்டுச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பாவம், எனக்காக நிஜமாகவே யோசித்தார்.

"டீ வந்துச்சுடா. போய்ட்டேன்."

புதிதாகக் குவாலிட்டி வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உங்களுக்குப் புரியாத ஒரு பொருளின் மேல் "ரிஜெக்ட்" என்று எழுதுவதற்கு முன்னால், அது ஏன் அப்படி இருக்கிறது என்று அனுப்பியவரைக் கேளுங்கள். ஒரு நிமிட போன். நான் அதைச் செய்யவில்லை. அதனால்தான் செவ்வாய்க் காற்றில் தூசி எப்படி விழும் என்பதை, டீ குடிக்கப் போய்விட்ட ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.