ஒரே ஏரியல், இரண்டு ரேடியோ

செஞ்சியில் எங்கள் மொட்டை மாடியில் செம்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டியிருக்கிறேன். அதுதான் ஏரியல். மேல்சித்தாமூரில் இருந்த என் நண்பர் அப்பாண்டைராஜ் ஞாயிறுதோறும் தன் பழைய வால்வு ரேடியோவைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவார். என் ரேடியோவையும் அவருடையதையும் அந்தக் கம்பியில் மாற்றி மாற்றிப் போட்டு, தூரத்து ஸ்டேஷனை எது தெளிவாக இழுக்கிறது என்று பார்ப்போம்.

போன வருஷம் என் ரேடியோவுக்கு வேறு வால்வு போட்டேன். சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் குறைந்தாலும் பாட்டு அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. அப்பாண்டைராஜ் என் பெட்டியோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டார்.

"உன்துல ஒண்ணும் சரியா இழுக்கலப்பா. என்துதான் கொஞ்சம் கேக்குது" என்றார்.

அடுத்த மூன்று வாரமும் அதே பேச்சு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் முகத்துக்கு நேராக, "பொறாமையில பேசுற. இனிமே பெட்டியத் தூக்கிக்கினு இங்க வராத" என்று கத்தினேன். அவர் ரேடியோவைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். நானும் கூப்பிடவில்லை.

நாலு மாசத்தில் மாரடைப்பில் இறந்துபோனார். துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் மனைவி அந்த ரேடியோவை என்னிடம் கொடுத்தார்.

"அவருக்கு ரெண்டு வருஷமாவே காது மந்தம்ணா. தெரிஞ்சா ரேடியோ கேக்கக் கூப்ட மாட்டீங்கன்னு சொல்லவே வேணாம்னுட்டாரு."

இப்போது இரண்டு ரேடியோவும் என் மேஜையில்தான் இருக்கின்றன. அவர் காதை ஒட்டிவைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போதும் என் கவனமெல்லாம் ரேடியோ மேலேயே இருந்தது.