துரை என்னைப் பற்றி எழுதிய வார்த்தை

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். தற்காலிக குமாஸ்தா. மாப்பிள்ளையூரணியில் எனக்குப் பெண் பார்த்துப் பேசி முடித்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் தாம்பூலம் மாற்றுவது என்று பெண்ணின் தகப்பனார் கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கோ அந்தப் பெண்ணை ஒரு தடவை பார்த்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

நிரந்தரம் என்பது எங்கள் வெள்ளைக்கார மேனேஜர் எழுதும் ரகசிய அறிக்கையில் இருந்தது. அது எவ்வளவு பெரிய ரகசியம் என்றால், துரை கையால் எழுதியதைத் தலைமை குமாஸ்தா அண்ணாச்சி டைப் அடித்து, கையெழுத்துக்காகத் துரையின் மேஜையில் வைத்துவிட்டு, நேரே எங்களிடம் வந்து ஒப்பிப்பார்.

"ஏலே, ஒன்னய 'ஃபர்டிவ்'னு எழுதியிருக்காரு. நாளைக்குக் கையெழுத்து."

"அப்படின்னா என்ன அண்ணாச்சி?"

"முப்பது வருசமா டைப் அடிக்கேன். எழுத்துதான் என் பொறுப்பு. அர்த்தம் அவுக பாடு."

ஒருவர் அது சுறுசுறுப்பு என்றார். இன்னொருவர் ஏதோ வயிற்றுக்கோளாறு என்றார். ஆபீஸில் இருந்த ஒரே அகராதி துரையின் அறையில் இருந்தது. மத்தியானம் பங்களாவுக்குப் போனால் அவர் மூன்று மணிக்குத்தான் திரும்புவார். போனேன்.

வழக்கம்போலச் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போனேன். பெரியவர்கள் அறைக்குள் செருப்புச் சத்தத்தோடு நுழைவது எங்கள் பக்கத்தில் திமிர். நிலையோரம் ஒதுங்கி, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை மூச்சுக் காட்டாமல் நின்று, பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஒரு வருஷமாகத் துரையிடம் அப்படித்தான் நடந்துகொண்டேன். அவ்வளவு மரியாதை நான் கோயிலில்கூடக் காட்டியதில்லை.

'ஃபர்டிவ்' என்று பார்த்தால் அகராதி 'ஸ்டெல்த்தி' என்றது. அதைப் புரட்டினால் 'ஃபர்டிவ்' என்றது. இரண்டு பக்கத்துக்கும் நடையாய் நடந்தபிறகு கீழே ஒரு வரி கண்ணில் பட்டது: கள்ளத்தனமாக, பிறர் அறியாமல் வருவதும் போவதும். அடப்பாவி! என் பணிவையெல்லாம் கூட்டிப் பார்த்து என்னைத் திருடன் என்று எழுதியிருக்கிறான்.

அப்போது கடல் பக்கத்துக் கதவு மெதுவாகத் திறந்தது. துரை வந்தார். பூட்ஸ் இரண்டும் கையில் இருந்தன. நுனிக்காலில் நடந்தார். அவருக்குப் பின்னால் கொழும்புத் தோணியை ஓட்டுகிற தண்டல், தோளில் கொப்பரைச் சாக்கோடு வந்தார். கொப்பரை கண்ணாடிச் சத்தம் போடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். யுத்தத்தில் சீமைச் சாராயத்துக்குத் தட்டுப்பாடு. சுங்கத்துக்காரர்களோ வாசல் பக்கம் மட்டும்தான் இருப்பார்கள்.

துரை என்னைப் பார்த்தார். விரித்திருந்த அகராதியைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஐயா, இத எங்கன வைக்க?" என்றார் தண்டல்.

துரை உட்கார்ந்து நிதானமாகப் பூட்ஸைப் போட்டுக் கயிறு கட்டினார். என் அறிக்கையை எடுத்து அந்த வார்த்தையைப் பேனாவால் அடித்தார். மேலே 'டிஸ்க்ரீட்' என்று எழுதி, நான் படிக்கும்படி காகிதத்தைத் திருப்பி வைத்தார். அகராதி பக்கத்திலேயே இருந்ததால் அதையும் பார்த்துவிட்டேன்: விவேகமுள்ளவன், ரகசியம் காப்பவன்.

சாயங்காலம் அண்ணாச்சி மறுபடி டைப் அடித்துவிட்டு ஓடிவந்தார். "வார்த்த மாறிட்டுலே! என்ன மாயம் பண்ணுன?" நான் சிரித்து மழுப்பினேன்.

வேலை நிரந்தரமாயிற்று. தாம்பூலம் மாற்றினோம். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் அடுத்த தோணி வந்தபோது துரை தண்டலை வெளியே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். சாக்கை நான் சுமந்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம்; முகூர்த்தத்துக்கு நாள் குறித்திருந்தது. கல்யாணத்துக்குள் மூன்று தோணிகள் வந்துபோயின.

கல்யாணப் பந்தியில் மாமனார் ஒவ்வொரு இலையாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்: "நம்ம மாப்பிளைய வெள்ளைக்காரனே மெச்சி எழுதியிருக்கான்!" அவன் முதலில் எழுதிய வார்த்தை பொய், அதை அடித்து மாற்றியபிறகுதான் அது உண்மையாயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்ல? எனக்குச் சோறு இறங்கவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்று இன்னொரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.