என் வீட்டுக்காரரின் பெர்த்

என் வீட்டுக்காரருக்குப் பூட்டு ரிப்பேர் வேலை. சாவியைத் தொலைத்துவிட்டு யார் வந்து நின்றாலும், பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். 'முடியாது' என்று சொல்ல அவருக்கு நாக்கே வளையாது.

இந்தக் குணத்தால் ரயிலில் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வருஷா வருஷம் என் தங்கை ஊருக்குப் படுக்கைப் பெட்டியில் போவோம். வண்டி கிளம்பியதும் யாராவது வந்து, "சார், பெர்த் மாத்திக்கலாமா?" என்பார்கள். இவர் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். ஒருமுறை எந்தப் பெட்டி என்றுகூடச் சொல்லாமல், சாமான் சங்கிலியின் சாவியோடு போய்விட்டார். சாப்பாட்டுப் பையின் ஜிப்பையும் அந்தச் சங்கிலியில்தான் கோத்துப் பூட்டியிருந்தார். பூட்டுக்காரர் குடும்பம் பூட்டைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடந்தது.

வழியெல்லாம் இவர் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு போகவேண்டும். என் ஆசை அவ்வளவுதான். வீட்டில் எனக்கு அடுப்படி, அவருக்குக் கடை. வேறு எங்கே உட்கார்ந்து பேசுவது? இந்தத் தடவை யார் கேட்டாலும் பெர்த்தை மாற்றித் தரக்கூடாது என்று கிளம்புமுன்பே சத்தியம் வாங்கிவிட்டேன். கூட வந்த என் நாத்தனாரும் எங்கள் மகளும் சாட்சி.

வண்டி ஏறியதும் ஒரு பையன் வந்தான். "சார், என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்க..."

"தர முடியாதுப்பா" என்றேன் நான். இவர் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. இருந்தும் விடவில்லை.

அடுத்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அந்த அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, கட்டுப் போட்டிருந்தது. அவருக்கு எங்கள் எதிரில் கீழ் பெர்த். கணவருக்கோ இரண்டு பெட்டி தள்ளி மேல் பெர்த். பெரியவர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மனைவியின் கையைப் பிடித்துத் தண்ணீர் பாட்டில் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். "அப்பப்ப வந்து பாத்துக்கிறேன்" என்று கிளம்பினார்.

இவர் என் முகத்தைப் பார்த்தார். சத்தியம் செய்த மனுஷன், வாயைத் திறக்கவில்லை. நான்தான் திறந்தேன்.

"ஐயா, என் பெர்த்தை எடுத்துக்குங்க."

"ஊருக்குத்தான் உபதேசமா, அண்ணி?" என்றாள் நாத்தனார். என் தலையணையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பெட்டியில் மேலே ஏறிப் படுத்ததும் அழுகை வந்தது. அந்தப் பெரியவருக்கு இடம் கொடுத்ததற்காக இல்லை. ஒரு வருஷம் காத்திருந்து, என் கையாலேயே கெடுத்துக்கொண்டேனே என்றுதான்.

கொஞ்ச நேரத்தில், "மேல காத்து வருதா?" என்று ஒரு குரல். திரும்பினால் எதிர் மேல் பெர்த்தில் கக்கத்துத் தலையணையோடு இவர்!

"இங்க இருந்த தம்பிகிட்ட என் பெர்த்தைக் குடுத்துட்டேன். கேக்கத்தான் கூச்சமா இருந்துச்சு. ரெண்டு தடவை வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

"நல்லாத்தான் கூச்சப்பட்டீங்க" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. பிறகு பேச ஆரம்பித்தோம். கடை, தங்கை வீடு, மகளின் படிப்பு என்று பேச்சு நீண்டுகொண்டே போனது.

மகள் மூச்சு வாங்க வந்து நின்றாள். "அப்பா, சாப்பாட்டுப் பை சங்கிலியில இருக்கு. பூட்டைத் திறந்து தரணுமாம், அத்தை உடனே கூப்பிடறாங்க."

பழக்கதோஷம், இவர் பாதி எழுந்துவிட்டார். என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீயே திறந்துக்கம்மா. அப்பாவால இப்ப வர முடியாது."