பலவேசமும் சிவப்புத் துணிச் சாவியும்

கம்பத்தில் பலவேசம் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஸ்கேனர் பலவேசம் என்றால் ஜீப் ஸ்டாண்டிலேயே வழி சொல்லிவிடுவார்கள். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளுக்கு வயரிங் பார்த்துக் கை பழகியவர். கார்களுக்கு மூளை வந்த பிறகு கோயம்புத்தூரில் மூன்று மாதம் தங்கி அந்த மூளையோடு பேசக் கற்றுக்கொண்டு வந்தார். இப்போது மலைக்கு அந்தப் பக்கமிருந்தும் அவரைத் தேடி வண்டிகள் இறங்குகின்றன. எந்த வண்டியாக இருந்தாலும் அவர் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. சாவியையும் கேட்பதில்லை.

"கடைசியா இத யாரு ஓட்டுனாக?"

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமையும் அதைத்தான் கேட்டார். வாசல் கொட்டகையில் அண்ணனின் வெள்ளைக் கார் நின்றது. மதினி வேல்விழிதான் பதில் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரு. லோயர் கேம்ப்ல குளிக்க எறங்குனவரு வரல. ஏழு மாசமாச்சு."

"ஆளு கெடைக்கலயா?"

"இல்லண்ணே."

பலவேசம் கையைக் காரின் கூரைமேல் வைத்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல.

அண்ணன் விஜய்பாண்டி காரைக் கால்வாய்க்கரையில் பூட்டிவிட்டுத்தான் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறான். சாவி அவன் கால்சட்டைப் பையில் இருந்தது. ஒன்பது நாள் தேடினார்கள். பிறகு வைக்கோலில் ஓர் உருவம் செய்து காரியத்தை முடித்தார்கள். வெளிநாட்டில் இருந்த நான் வந்து சேர ஐந்து மாதம் ஆகிவிட்டது. வந்தபோது, வீட்டிலிருந்த இரண்டாவது சாவியால் திறந்து ஓட்டிவந்திருந்த காரும், சாமி அலமாரியில் சிவப்புத் துணி சுற்றிய அந்தச் சாவியும்தான் இருந்தன.

அந்தத் துணி குறி சொல்லும் கோடாங்கி கட்டிக் கொடுத்தது. மகன் போன கையோடு அம்மா அவரிடம் போய், கார் வீட்டைவிட்டுப் போகக் கூடாதென்று காப்புக் கட்டி வாங்கி வந்திருந்தாள். அதிலிருந்துதான் கார் கிளம்பவில்லை. கதவருகே நின்று துணிக்கு மேலாகவே பட்டனை அழுத்தினால் பூட்டு திறக்கும். உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தால் சாவி இல்லை என்று திரையில் வரும். இரண்டு மெக்கானிக்குகள் வந்துபோனார்கள். சாவிக்குள் இருக்கும் பாட்டரியைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருமே கேட்டார்கள். "சாமி காப்பு, அவுக்கக் கூடாது" என்றாள் அம்மா. இரண்டு பேருமே துணியைக் கண்ணில் ஒற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டு, காரின் ஆண்டெனாவைக் குறை சொல்லிப் போனார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அந்தி சாயும் நேரத்தில் சில நாள் அந்தக் கார் தானாக விழிக்கும். மடங்கியிருந்த பக்கக் கண்ணாடிகள் இரண்டும் காதுபோல விரியும். கதவோரத்தில் விளக்கு எரியும். அண்ணன் அலுவலகம் கிளம்பிச் சாவியோடு கிட்டே வரும்போது அது அவனுக்குச் செய்த மரியாதை. ஜன்னலிலிருந்து நானும் மதினியும் அதைப் பார்த்திருக்கிறோம். காரருகே யாரும் தெரிய மாட்டார்கள். சாவி அலமாரியில் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கும் தைரியம் எங்களுக்கு வந்ததில்லை. மதினி ஜன்னலைச் சாத்திவிடுவாள்.

அண்ணனின் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் லோயர் கேம்ப் அலுவலகத்தில் சேர வேண்டும். "இன்னைக்கு வண்டி கெளம்பலைன்னா நாளைக்கே வித்துருவேன் அத்தை. இத இங்கன வச்சுக்கிட்டு என்னால ஒறங்க முடியல" என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். குமுளிக்காரர் ஒருவர் விலையும் பேசியிருந்தார். அம்மா அதைக் கேட்டதிலிருந்து சாப்பிடவில்லை.

பலவேசம் மடிக்கணினியை இணைத்துச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு உள்ளங்கை அளவு கருவி ஒன்றை எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் பிடித்தார். முள் அசையவில்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்கு பாப்பா" என்றார் என்னிடம். "ஸ்டார்ட் பண்ணும்போது வண்டி சாவியக் கூப்பிடும். ரொம்ப மெல்லக் கூப்பிடும். சாவி பதில் சொல்லணும். இது கூப்புட்டுக்கிட்டேதான் கெடக்கு. அதுக்குக் காதுல விழுகல."

மதினி முந்தானையைத் தோளோடு இழுத்துக்கொண்டாள்.

"சாவிக்கு என்னண்ணே?" என்றாள்.

"பாக்கணும். நான் அவுக்க மாட்டேன். கட்டி வாங்குனவுக கையாலயே அவுக்கட்டும். ஆத்தா, செத்த இங்கன வாங்க."

அம்மா வந்தாள். மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் மதினியின் முகத்தைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், சாவியை வாங்கினாள். மூன்று சுற்று நூல், மேலே இரண்டு முடிச்சு. அவள் விரல்கள் தடுமாறவே இல்லை. பூக் கட்டுகிறவள்போல, பார்க்காமலே அவிழ்த்தாள்.

பலவேசம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துணிக்குள் மெல்லிய செப்புத் தகடு சாவியை இறுக்கிச் சுற்றியிருந்தது. அவர் சிரித்துவிட்டார். "படிக்காமலே எஞ்சினியரு ஆத்தா ஒங்க கோடாங்கி! செம்ப இப்பிடிச் சுத்துனா எந்த வண்டி கூப்புட்டாலும் சாவிக்குக் கேக்காது. நான் கோயம்புத்தூர் போய்ப் படிச்சத அவரு உடுக்கடிச்சே கண்டுபிடிச்சுட்டாரே." மதினிகூடச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

மதினி பணம் எடுக்க உள்ளே போனாள். நான் தண்ணீர்ச் சொம்போடு திரும்பியபோது பலவேசம் தகட்டை வெயிலில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மடிப்பில் மடிப்பாகக் கோடு விழுந்து, செம்பு விளிம்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

"ஒரு தடவ மடிச்ச தகடு இல்ல இது" என்றார் தாழ்ந்த குரலில். "எத்தன நாளாத்தா பிரிச்சுப் பிரிச்சுக் கட்டுறீக?"

அம்மா வாசலைப் பார்த்தாள். நான் நிற்பது தெரிந்தும் சொன்னாள்.

"வெளக்கு வைக்கிற நேரத்துல பிரிப்பேன்யா. கொட்டகைக்குப் பின்னால நின்னுக்கிட்டு, தடுப்புச் சந்து வழியா சாவியக் கதவுப் பக்கம் நீட்டுவேன். அது கண்ணு முழிக்கும். எம்மவன் வந்தா எப்பிடி முழிக்குமோ அப்பிடியே முழிக்கும். அம்புட்டுத்தேன். அவகிட்டச் சொல்லிராத."

அவர் தகட்டை நான்காக மடித்தார்.

"எம் பொஞ்சாதி தவறி ரெண்டு வருசம் அவ போனுக்கு ரீசார்ஜ் போட்டேன்த்தா. கடையில இருந்து வந்ததும் அடிப்பேன். பீரோக்குள்ள இருந்து மணி கேக்கும். எடுக்க ஆளில்லைன்னு தெரியும். இருந்தாலும் அடிப்பேன்."

"பெறகு?"

"பாட்டரி உப்பிப் போச்சு. மாத்திட்டு இன்னமும் அடிக்கத்தான் செய்றேன்."

மதினி வந்ததும் சாவியை அவளிடம் கொடுத்து உட்காரச் சொன்னார். ஒரே அழுத்தில் கார் கிளம்பியது. ஏழு மாதம் கேட்காத சத்தம். அம்மா, எல்லாம் தெரிந்த அம்மா, "விசயா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓட்டுநர் கதவுக்கு ஓடினாள். கண்ணாடிக்குள் மருமகளைக் கண்டதும் நின்றுவிட்டாள். மதினி என்ஜினை அணைத்தாள்.

பலவேசம் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். பதிவான சாவிகள் இரண்டு என்று காட்டியது.

"தொலஞ்ச சாவிய அழிச்சுரணும்த்தா. எவன் கையிலயாவது மாட்டுனா வண்டியத் தூக்கிருவான். வழக்கமா அழிச்சுட்டுத்தான் நான் எந்திரிப்பேன். ஒங்க வண்டி. நீங்க சொல்லுங்க."

"அழிச்சா?"

"அந்தச் சாவியோட யாரு வந்தாலும் இதுக்கு அடையாளம் தெரியாது."

அம்மா கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. மதினி திரையையே பார்த்தாள். இதை விற்றுவிடுவதாகச் சொன்னவள். ஜன்னலைச் சாத்தியவள்.

"இருக்கட்டும்ணே" என்றாள். "ரெண்டும் இருக்கட்டும்."

பலவேசம் கணினியை மூடினார். அழிக்காமல் எழுந்த முதல் வண்டி இதுதான் என்று போகும்போது என்னிடம் சொன்னார். தகட்டை அம்மாவின் கையில் வைத்தார். அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் மதினி காரிலேயே வேலைக்குப் போனாள். அந்திக்குத் திரும்பி வந்து, காரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினாள். பிறகு, யாரும் எதுவும் சொல்லாமலே, சாவியை அம்மாவிடம் நீட்டினாள். எப்போது தெரிந்துகொண்டாள் என்று நான் கேட்கவில்லை.

அம்மா இம்முறை கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளியவில்லை. வாசலிலிருந்து நேராக நடந்தாள். பாதி வழியில் நின்று முகத்தைத் துடைத்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். கண்ணாடிகள் விரிந்தன. கதவோரம் மண்ணில் வெளிச்சம் விழுந்தது.

எதனால் என்று மூன்று பேருக்கும் தெரியும். இருந்தும் அந்தக் கதவு திறக்குமோ என்று மூன்று பேருமே பார்த்துக்கொண்டு நின்றோம், விளக்கு தானாக அணையும்வரை.