பற்றரி இறங்கிய பாட்டு

எங்கள் வீட்டு மதிலில் மிளகாய் காய்ந்ததைவிடப் பற்றரி காய்ந்த நாட்கள்தான் அதிகம். புளியங்கூடலில் சந்திவரை மின்சாரம் வந்திருந்தது; எங்கள் ஒழுங்கைக்கு அப்போது வந்திருக்கவில்லை. சவூதியில் வேலை செய்த அண்ணன் ஒரு ரேப் றெக்கோடர் அனுப்பியிருந்தார். அதற்கு ஆறு பெரிய பற்றரிகள் வேண்டும். புதிதாகப் போட்டால் ஒரு கிழமை ஒழுங்காகப் பாடும். பிறகு களைத்துவிடும். பற்றரிகளைக் கழற்றி மதிலில் வரிசையாக நிறுத்தி, வெய்யிலில் சூடேற்றித் திரும்பவும் போடுவோம். இன்னும் நாலைந்து நாள் இழுக்கும். ஆனால் நாடா மெதுவாகத்தான் சுற்றும். பாடகரின் குரல் தடித்துக் கீழே இறங்கி, தூரம் நடந்துவந்த ஆள் கதிரையில் அமர்வதுபோல ஒவ்வொரு சொல்லும் வந்து அமரும்.

பாட்டுகளை நான் அப்படிக் கேட்டுத்தான் படித்தேன். முக்கியமாக ஒரு பாட்டு. ஒரு படத்தில் வந்த பிரிவுப் பாட்டு. அந்தக் காலத்தில் எல்லாரும் கேட்டதுதான். படத்தை நான் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு மதிற் பற்றரியில் ஓடும்போது என் குரலுக்குச் சரியாகப் பொருந்தியது. ஆடு கட்டப் போகும்போது, கிணற்றடியில், ஆளில்லாத இடங்களில் பாடுவேன். ஆள் வந்தால் நிறுத்திவிடுவேன். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். நாலு பேர் முன்னால் பெயரைக் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

சந்தியில் சைக்கிள் திருத்துகிற கடை வைத்திருந்தவர் ஆர்மோனியம் வாசிப்பார். அவர்தான் எங்கள் பகுதியில் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். எல்லாரும் அவரை அண்ணை என்றே சொல்வோம். நான் கிணற்றடியில் பாடியதை எப்படியோ கேட்டுவிட்டு, சனசமூக நிலைய ஆண்டுவிழாவில் என்னை மேடையில் ஏற்றினார். அன்று குழு பாட்டைத் தொடங்கிய வேகம் எனக்குத் தெரியாத வேகம். அவர்கள் இரண்டாம் அடியில் நிற்கும்போது நான் முதலாம் அடியில் நின்றேன். ஆர்மோனியம் மேலே, நான் கீழே. பாட்டு முடிந்த பிறகும் எனக்கு அரை வரி மிச்சம் இருந்தது. அதையும் பாடினேன். சனம் கூக்காட்டியது. பின்னாலிருந்து ஒருவன் சத்தமாகக் கேட்டான்:

"உதென்ன, செத்தவீட்டுக்கே பாடுறான்?"

அதோடு என் பெயர் செத்தவீடு ஆகிவிட்டது. கடைக்குப் போனால் "செத்தவீடு வருது, சீனி நிறு" என்பார்கள். அவர்களுக்குப் பகிடி. நான் இரண்டு மாதம் சந்திப் பக்கம் போகவில்லை. அண்ணை வீட்டுக்கு வந்து, "பாடாட்டி விடும். கை தாளத்தில நிக்குது உமக்கு. டோலக் அடியும்," என்றார். டோலக் அடிப்பவன் பின்வரிசையில் குனிந்து இருக்கலாம். யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். ஓம் என்றேன்.

பாடுவதற்கு எங்களுக்கு வேறொருவர் கிடைத்தார். வேலணைப் பக்கத்து ஆள், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். நல்ல பாடகர். அசல் பாடகர் எங்கே மூச்சு எடுக்கிறாரோ அங்கேயே இவரும் எடுப்பார். ஒரு பாட்டில் அசல் பாடகர் மெல்லச் சிரிப்பார். இவரும் அதே இடத்தில் அதே அளவு சிரிப்பார். நிகழ்ச்சி முடிய, "அப்பிடியே ரேப்பில கேட்ட மாதிரி," என்று ஆட்கள் வந்து சொல்வார்கள். அதைவிடப் பெரிய புகழ்ச்சி எங்கள் ஊரில் இல்லை. வீட்டில் ரேப் இருக்க, அதே பாட்டை அதே மாதிரிக் கேட்க ஏன் இவ்வளவு சனம் பாயோடு வருகிறது என்று டோலக்கின் பின்னால் இருந்தபடி நான் யோசித்ததுண்டு.

எண்பத்து மூன்றின் முற்பகுதி. நெடுந்தீவில் ஒரு கத்தோலிக்கக் கோயில் திருநாளுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். காலையில் பாட்டுப்பூசை, பின்னேரம் எங்கள் நிகழ்ச்சி. பஸ்ஸில் மடத்துவெளி தாண்டிக் குறிகட்டுவானுக்குப் போய் வள்ளம் ஏறினோம். அன்றைக்குக் கடல் சரியில்லை. பாதிக் கடலில் எங்கள் பாடகர் வள்ளத்துக்கு வெளியே தலையைச் சாய்த்தவர், நெடுந்தீவு வரும்வரை நிமிரவில்லை. சத்தி எடுத்து எடுத்துத் தொண்டை கிழிந்துவிட்டது. இறங்கியதும் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொடுத்தார்கள். "ஒரு பாட்டு இழுப்பன். அதுக்கு மேல ஏலாது," என்று அடைத்த குரலில் சொன்னார்.

நாலு மணிக்குப் பந்தல் நிறைந்துவிட்டது. ஜெனரேற்றர் கோயிலுக்குப் பின்னால் உறுமியது. முன்னால் பாயில் பெண்களும் பிள்ளைகளும், பின்னால் கல்வேலியில் ஏறியிருந்த ஆண்கள். அந்தத் தீவில் படமாளிகை இல்லை. மின்சாரமும் இல்லை. முதல் இரண்டு பாட்டுகளை அண்ணை ஆர்மோனியத்திலேயே வாசித்துச் சமாளித்தார். பிறகு சனம் அந்தப் பிரிவுப் பாட்டைக் கேட்டது. ஒரு வாய் இல்லை, முழுப் பந்தலும் கேட்டது.

பாடகர் எழுந்து தன் ஒரு பாட்டை அதற்கே செலவழித்தார். தொண்டை அடைத்திருந்தும் பிழை விடவில்லை. இசைத்தட்டில் உள்ள அதே வேகம், அதே மூச்சு. ஆனால் பந்தல் அசையவில்லை. கல்வேலியிலிருந்து ஒரு குரல் வந்தது:

"தம்பி, ஏன் உந்த அவசரம்? வள்ளம் வெளிக்கிடப் போகுதோ?"

பந்தல் சிரித்தது. பாடகரின் முகம் கறுத்துவிட்டது. கடைசி அடியில் குரலும் போய்விட்டது. இருமிக்கொண்டே போய் அமர்ந்துவிட்டார்.

முன்பாயில் ஒரு நடுத்தர வயது அம்மா மடியில் பிள்ளையோடு இருந்தார். அவர் விடவில்லை.

"அந்தப் பாட்டை ஒருக்கால் ஒழுங்காப் பாடுங்கோவன், தம்பியவை. உதைக் கேக்கவெண்டுதானே நேரத்தோட வந்து குந்தினனான்."

"ஒழுங்காத்தானேயம்மா பாடினவர்," என்றார் அண்ணை.

"இல்லை. இது வேற மாதிரி."

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு உடனே விளங்கியது.

"ஏலாது அண்ணை."

"வேற ஆள் ஆர் இருக்கு? உமக்குத் தெரிஞ்ச பாட்டுத்தானே."

"அங்கையே கூக்காட்டினவை. இஞ்சயும் கூக்காட்டினா நான் பேந்து வீட்டை விட்டு வெளியில வரமாட்டன்."

நான் அதைச் சும்மா சொல்லவில்லை. அந்த இரண்டு மாதம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். செத்தவீடு என்ற பெயர் இப்போதுதான் மெல்ல மறந்துகொண்டிருந்தது. நெடுந்தீவில் நடந்தது அடுத்த வள்ளத்தில் புளியங்கூடலுக்கு வந்துவிடும். டோலக்கும் கையைவிட்டுப் போகும். அதன்பிறகு எனக்கு ஒளிந்திருக்க ஓர் இடமும் இருக்காது.

அண்ணை குரலைத் தாழ்த்தினார். "எழும்ப வேண்டாம். டோலக்கை வைச்சபடி இரும். மைக்கை இறக்கி விடுறன். குனிஞ்சபடியே பாடும். நீர் அடிக்கிற வேகத்துக்கு நான் வாறன்."

மைக் தண்டை இறக்கி என் வாய்க்கு நேரே விட்டார்கள். டோலக்கை மெல்ல அடித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேகம் அதுதான். அண்ணை பாடகரின் சுருதியில் தொடங்கினார். நான் அதற்குக் கீழே தொடங்கினேன். அவர் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, கட்டைகளை ஒவ்வொன்றாய் அழுத்திப் பார்த்து, நான் நின்ற இடத்துக்கு இறங்கி வந்தார்.

முதலாம் அடி முடிந்தது. பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. சனசமூக நிலையத்திலும் கூக்காட்டுவதற்கு முதல் இப்படித்தான் அமைதியாக இருந்தது. நான் டோலக்கின் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொற்களுக்கு நடுவே நான் விடும் இடைவெளி அன்றைக்குக் கிணறு மாதிரித் தெரிந்தது. இப்போது வரும், இப்போது வரும் என்று காது காத்திருந்தது.

வந்தது கூ இல்லை. முன்பாயில் இருந்த அந்த அம்மாவின் குரல். இரண்டாம் அடியை என்னோடு சேர்ந்து பாடினார். நான் நிற்கிற இடத்தில் நின்று, நான் தொடங்குகிற இடத்தில் தொடங்கினார். என்னைப் பார்த்துப் பாடியிருந்தால் ஒரு கணம் பிந்தியிருக்கும். பிந்தவில்லை. அவருக்கு அந்த இடைவெளி முன்பே தெரியும். பிறகு பக்கத்துப் பாய். பிறகு கல்வேலி. மூன்றாம் அடி வரும்போது முழுப் பந்தலும் அந்த மெதுவான வேகத்தில் பாடியது. ஒருவரும் முந்தவில்லை. நான் குனிந்தபடிதான் இருந்தேன். ஆனால் காது எதற்கும் காத்திருக்கவில்லை.

முடிந்ததும் "இன்னொருக்கால்" என்றார்கள். அதே பாட்டை நான் அன்று மூன்று தரம் பாடினேன். மூன்றாம் தரம் கொஞ்சம் தலையை நிமிர்த்தியதாக நினைவு.

நிகழ்ச்சி முடிந்து பந்தலுக்குப் பின்னால் கதிரையில் இருந்தபோது அந்த அம்மா ஒரு தட்டில் பணியாரம் கொண்டுவந்தார்.

"நீர்தான் சரியாப் பாடினனீர். எங்கட ரேப்பிலயும் உப்பிடித்தான் பாடும்."

அண்ணை சிரித்துக்கொண்டே கேட்டார். "அம்மா, உங்கட ரேப்புக்குப் பற்றரி எப்ப மாத்தினது?"

"அதென்ன கேள்வி? பற்றரி வாங்கவெண்டு ஆர் வள்ளம் ஏறுறது? வேலிக் கல்லில காயவைச்சுப் போடுறம்."

அண்ணை ஆர்மோனியப் பெட்டியில் தலையை வைத்துச் சிரித்தார். அந்த அம்மாவுக்கு ஏன் என்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. சிரிப்பு வரவில்லை, பெரிய மூச்சு ஒன்றுதான் வந்தது. நான் பாட்டைப் பிழையாகப் படித்தவன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். என்னைப்போலவே பிழையாகப் படித்த ஒரு தீவு முழுவதும் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கிறது. பணியாரம் ஆறு சாப்பிட்டேன். கடல் குலுக்கியதில் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

எங்கள் ஊராரும் நெடுந்தீவாரும் கேட்டது ஒன்றைத்தான் என்று பிறகு யோசித்தபோது பட்டது. தங்கள் வீட்டில் ஒலித்த பாட்டு, உயிருள்ள ஒருவன் வாயிலிருந்து தங்கள் முன்னால் வரவேண்டும். ரேப்போடு தனியாக முணுமுணுப்பவர்களுக்கு அன்றைக்கு மட்டும் பக்கத்தில் ஆட்கள் கிடைக்கிறார்கள். அசல் பாடகர் எங்கேயோ தூரத்தில் இருக்கிறார்; அவர் வரப்போவதில்லை. வந்தாலும் அவர் தன் வேகத்தில்தான் பாடுவார். நெடுந்தீவார் அவரையும் அவசரப்படுகிறார் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பல வருடம் கழித்து, தொண்ணூறுக்குப் பிறகு, போர் விரட்ட எங்கள் தீவை விட்டு வந்து யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டின் பின்பகுதியில் இருந்தோம். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் கம்பி தொடுத்து, பெடலைக் கையால் சுற்றிப் பாட்டுக் கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் பாடகரும் களைப்பார். ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்தப் பிரிவுப் பாட்டு வந்தபோது நான் பெடலைக் கேட்டு வாங்கிச் சுற்றினேன், என் வேகத்தில். வீட்டுக்காரர் கூடவே பாடினார்.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்பது நெடுந்தீவு நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை ஊர் திரும்பிய வள்ளம். கடல் தகடுபோல் கிடந்தது. பாடகர் என்னோடு முதல்நாள் பின்னேரத்திலிருந்து கதைக்கவில்லை. அவருக்குக் கோபம் என்று நினைத்து நான் வள்ளத்தின் மறுபக்கத்தில் இருந்தேன். பாதி வழியில் எழுந்து வந்து பக்கத்தில் இருந்தார். குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது.

"ஐசே, அந்த ரெண்டாம் அடியில எத்தினை தட்டு விட்டுப் பிடிக்கிறனீர்?"

"எண்ணுறேல்லை. களைச்ச ஆள் மாதிரி நினைச்சுக்கொண்டு விடுறனான்."

"ஒருக்கால் அடிச்சுக் காட்டும். அடுத்த முறை நானும் இவையளுக்கு அப்பிடித்தான் பாடவேணும்."

வள்ளப் பலகையில் விரலால் தட்டினேன். அவர் மெல்லப் பாடினார். பழக்கத்தில் முந்திவிட்டார். தலையாட்டினேன். திரும்பவும் தொடங்கினார்.

"இன்னும் மெதுவாவோ?"

"ஓம்," என்றேன். முன்னால் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. "பற்றரி இன்னும் கொஞ்சம் இறங்கவேணும்."