ஷட்டரைத் திறந்த சாப்பாடு

ஜெயபாரதி சிவில் இன்ஜினியரிங் படித்தவர். சென்னையில் சில வருடம் மேம்பாலம் கட்டினார். பிறகு குரூப் ஒன் எழுதி, கோட்டாட்சியராகி, டெல்டாவுக்கே திரும்பி வந்தார். "பாலம் கட்டுன கைக்கு இப்ப பஞ்சாயத்துதானா?" என்று அவருடைய அம்மா இன்றுவரை கேட்கிறார். அம்மாவுக்குப் பதில் சொல்லி ஜெயித்தவர் யார்?

போன சம்பாவில் ஒரு தகராறு. மேலகுடிக்காரர்கள் வாய்க்கால் ஷட்டரை இறக்கிச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். அவர்கள் வயலில் தண்ணீர் தளும்பியது. கடைமடையில் இருந்த கீழகுடியில் நாற்றங்கால் வெடித்து, நாற்று மஞ்சளடித்துவிட்டது. இன்னும் இரண்டு நாள் போனால் அந்த ஊருக்குச் சம்பாவே இல்லை. போலீசை வைத்துத் திறக்கலாம். ஜீப் கிளம்பியதும் மறுபடி பூட்டிவிடுவார்கள். அப்படியொரு வீம்பு பிடித்த ஊர்.

மேலகுடித் தலைவர் நெடுமாறன். கீழகுடித் தலைவர் தியாகராசன். நெடுமாறனின் மகள் பிரகதீஸ்வரி வாழ்க்கைப்பட்டது தியாகராசன் வீட்டில். இது தெரிந்ததும், பாரத்தை எந்தத் தூணில் இறக்கலாம் என்று ஜெயபாரதியின் பழைய மூளை கணக்குப் போட்டது. தியாகராசனுக்குப் போன் செய்தார்.

"நாளைக்குச் சமாதானக் கூட்டம். வீட்லயே நல்லா சாப்ட்டுட்டு வாங்க. இங்க பச்சத் தண்ணி தொடாதீங்க."

கூட்டம் மதியம்வரை இழுத்தது. யாரும் இறங்கி வரவில்லை. ஆபீஸ் ஹாலிலேயே இலை போட்டார்கள். தியாகராசன் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்க நாத்து காயுதுங்க. எனக்குச் சோறு எறங்காது."

மாப்பிள்ளையின் அப்பா பட்டினி இருக்க, பெண்ணைக் கொடுத்தவர் இலையில் கை வைக்க முடியுமா? சாம்பார் மணக்க மணக்க நெடுமாறன் நின்றார். அவர் உட்காராததால் அவருடைய ஆட்களும் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார்கள். ரசம் ஆறியது. கடைசியில் நெடுமாறன் இடுப்பிலிருந்து ஷட்டர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"சம்பந்தி சாப்பிடட்டும்."

ஜெயபாரதிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது நெடுமாறன் அவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"காலையிலயே எம்பொண்ணு போன் பண்ணுச்சும்மா. மாமா எட்டு இட்லி சாப்ட்டுட்டுத்தான் கெளம்புறாங்க, அங்க பச்சத் தண்ணி தொடக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாம்னு."

ஜெயபாரதிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்புறம் ஏன் சாவியக் குடுத்தீங்க?"

"அந்த வெள்ளாமையிலதான எம்பொண்ணும் சாப்பிடணும். சும்மா தொறந்துவிட்டா எங்க ஊர்க்காரன் என்னை விடுவானா? நீங்க ஒரு சாக்கு ஏற்பாடு பண்ணிட்டீங்கன்னு தெரிஞ்சுதான், நான் வெறும் வயித்தோட வந்தேன்."